பிரிட்டிஷ் அரசு, நாடாளுமன்றம், வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியுரிமைக்காக 'லைஃப் இன் த யூகே' தேர்வு எழுதப்போகிறவர்கள், அரசியல் அறிவியல் மாணவர்கள், லண்டன் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பிரிட்டிஷ் அரசியலில் பெயர் ஒருவரிடமும் அதிகாரம் இன்னொருவரிடமும் இருப்பது வழக்கம். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்வதோடு, உண்மையில் முடிவெடுப்பது யார் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

இங்கிலாந்து, பிரிட்டன், யூகே எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இங்கிலாந்து ஒரு நாடு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்த தீவு கிரேட் பிரிட்டன். அதோடு வட அயர்லாந்தையும் சேர்த்தால் ஐக்கிய இராச்சியம், அதாவது யூகே. 'இங்கிலாந்துப் பிரதமர்' என்று நம் செய்தித்தாள்கள் எழுதுவது தவறு. அப்படி ஒரு பதவியே கிடையாது. ஜெர்சி, கெர்ன்சி, மான் தீவு ஆகியவை யூகேவிலேயே சேராதவை. அவை மன்னரைச் சார்ந்த தனி ஆட்சிப் பகுதிகள். அவற்றுக்கெனத் தனிச் சட்டமன்றங்களும் தனி வரிச் சட்டங்களும் உண்டு.

இணைப்பு நடந்த ஆண்டுகளை நினைவில் வையுங்கள். 1707-ல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இணைந்தன. 1801 ஜனவரி 1 முதல் அயர்லாந்தும் சேர்ந்தது. 1922-ல் அயர்லாந்தின் பெரும்பகுதி பிரிந்துபோனது.

பிரிட்டனுக்கு அரசியலமைப்புச் சட்டமே இல்லை என்கிறார்களே?

இருக்கிறது, ஆனால் ஒரே நூலாக இல்லை. நாடாளுமன்றச் சட்டங்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், எழுதப்படாத மரபுகள் என்று பல இடங்களில் சிதறிக்கிடக்கிறது. பிரதமர், மக்கள் தேர்ந்தெடுக்கும் கீழவையான காமன்ஸ் சபையின் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை, அது மரபு. மரபை மீறினால் நீதிமன்றம் தண்டிக்காது. அரசியல் ரீதியாகத்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

இந்தியாவில் அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்யலாம். பிரிட்டனில் அது முடியாது. அங்கே நாடாளுமன்றம்தான் உச்சம். மனித உரிமைகள் சட்டம், 1998-இன் கீழ் ஒரு சட்டம் மனித உரிமைகளோடு பொருந்தவில்லை என்று நீதிபதிகள் அறிவிக்கலாம். அதற்குப் பிறகும் அந்தச் சட்டம் அமலில்தான் இருக்கும். அதைத் திருத்துவதா என்பதை நாடாளுமன்றம் முடிவுசெய்யும். நம் ஊர்ப் பாடப்புத்தகத்தை மனதில் வைத்துக்கொண்டு படிக்கிறவர்கள் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

மன்னரிடம் உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது?

காகிதத்தில் நிறைய. பிரதமரை நியமிப்பது, நாடாளுமன்றத்தைக் கூட்டுவது, கலைப்பது, மசோதாவுக்கு இசைவு கொடுப்பது எல்லாம் அவர் பெயரில் நடக்கின்றன. நடைமுறையில் அமைச்சர்களின் ஆலோசனைப்படியே செய்கிறார். மசோதாவுக்கு இசைவு கடைசியாக மறுக்கப்பட்டது 1708-ல், ஆன் ராணி காலத்தில். ஸ்காட்லாந்துப் படை தொடர்பான மசோதா அது. அந்த மறுப்பும் அமைச்சர்கள் சொல்லித்தான் நடந்தது.

அரசரின் சிறப்புரிமை என்ற சொல் செய்திகளில் வந்தால், அதைப் பெரும்பாலும் 'அமைச்சர்களின் அதிகாரம்' என்று படித்துக்கொள்ளுங்கள். போர் அறிவிப்பு, ஒப்பந்தங்களில் கையெழுத்து, பாஸ்போர்ட் வழங்குதல் முதலியவை நாடாளுமன்றச் சட்டத்திலிருந்து வந்த அதிகாரங்கள் அல்ல. மன்னரிடமிருந்து அமைச்சர்களுக்குக் கைமாறியவை.

பிரிவி கவுன்சில் என்பது என்ன? நம் பழைய வழக்குகளில் அடிக்கடி வருகிறதே?

மன்னருக்கு ஆலோசனை சொல்லும் பழைய சபை அது. இன்று அதன் கூட்டத்துக்குச் சில அமைச்சர்கள் மட்டுமே வருவார்கள், எல்லோரும் நின்றுகொண்டே இருப்பார்கள், உத்தரவுகள் வாசிக்கப்படும், மன்னர் ஒப்புதல் சொல்வார். இப்படிப் பிறக்கும் உத்தரவுகளுக்குச் சட்ட பலம் உண்டு.

பழைய வழக்குகளில் நீங்கள் பார்ப்பது அதன் நீதிக்குழு. 1833-ல் அமைக்கப்பட்டு, காலனி நாடுகளுக்கெல்லாம் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்தது. மதுரை கலெக்டருக்கும் முத்துராமலிங்க சேதுபதிக்கும் இடையிலான ராமநாதபுரம் ஜமீன் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கணவன் அனுமதி தராமல் இறந்த பிறகு, உறவினர் சம்மதத்தோடு விதவை ராணி செய்த தத்து செல்லுமா என்பது கேள்வி. செல்லாது என்றால் ஜமீன் அரசாங்கத்துக்குப் போயிருக்கும். 1868-ல் லண்டன் நீதிபதிகள் தத்து செல்லும் என்றார்கள். இந்து சட்டத்தில், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதப்பட்ட நூலையும் மிஞ்சும் என்று அப்போது சொன்ன வாசகம் இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது.

இந்தியாவிலிருந்து போகும் மேல்முறையீடுகள் 1949-ல் நின்றன. இலங்கையிலிருந்து 1971 வரை போய்க்கொண்டிருந்தன. 1962 ஆட்சிக் கவிழ்ப்புச் சதி வழக்கில், குறிப்பிட்ட சிலரைத் தண்டிப்பதற்கென்றே இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் செல்லாது என்று 1965-ல் தீர்ப்பளித்ததும் இந்த நீதிக்குழுதான்.

பிரதமரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? தேர்தல் இல்லாமலே பிரதமர் மாறுகிறாரே?

மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. காமன்ஸ் சபையின் ஆதரவு யாருக்கு இருக்கிறதோ அவரை மன்னர் அழைக்கிறார். ஆளுங்கட்சி தன் தலைவரை மாற்றினால் பிரதமரும் மாறுவார். பொதுத் தேர்தல் தேவையில்லை. 2022-ல் மட்டும் போரிஸ் ஜான்சன், லிஸ் டிரஸ், ரிஷி சுனக் என மூன்று பேர் பிரதமராக இருந்தார்கள். இடையில் ஒரு பொதுத் தேர்தல்கூட நடக்கவில்லை. டிரஸ் பதவியில் இருந்தது 49 நாட்கள்.

பிரதமரின் இன்னொரு பதவிப் பெயர் கருவூலத்தின் முதல் பிரபு. 10, டவுனிங் தெருவின் கதவிலுள்ள தபால் பெட்டித் தகட்டில் பொறித்திருப்பது அந்தப் பெயர்தான். பக்கத்து 11-ஆம் எண் வீடு நிதியமைச்சருக்கு உரியது. 1721-ல் பதவிக்கு வந்த ராபர்ட் வால்போலை முதல் பிரதமராகக் கருதுவது வழக்கம். அப்படியொரு பதவியைச் சட்டம் அப்போது உருவாக்கவில்லை.

அமைச்சருக்கும் நிரந்தரச் செயலாளருக்கும் என்ன வேறுபாடு?

அமைச்சர் அரசியல்வாதி, அரசு மாறினால் போய்விடுவார். நிரந்தரச் செயலாளர் துறையின் தலைமை அதிகாரி, ஆட்சி மாறினாலும் இருப்பார். சிபாரிசு இல்லாமல் தேர்வு மூலம் அதிகாரிகளை எடுக்க வேண்டும் என்று 1854-ல் அறிக்கை கொடுத்தவர்கள் ஸ்டாஃபோர்டு நார்த்கோட்டும் சார்லஸ் டிரெவெல்யனும். அந்த டிரெவெல்யன்தான் 1859-ல் சென்னை மாகாண கவர்னராக வந்தவர். கல்கத்தா அரசு கொண்டுவந்த வருமான வரியை வெளிப்படையாக எதிர்த்ததால் அடுத்த ஆண்டே திருப்பி அழைக்கப்பட்டார்.

கொறடா என்றால் அங்கேயும் நம் ஊர் மாதிரியா?

பெயர் ஒன்று, பலம் வேறு. வாரந்தோறும் கொறடா அலுவலகம் தன் கட்சி எம்.பி.க்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பும். அதில் ஒவ்வொரு வாக்கெடுப்பின் கீழும் கோடு போட்டிருக்கும். ஒரு கோடு என்றால் வந்தால் நல்லது. இரண்டு கோடு என்றால் வர வேண்டும், வராவிட்டால் முன்அனுமதி வேண்டும். மூன்று கோடு என்றால் கட்டாயம் வந்து கட்சி சொன்னபடி வாக்களிக்க வேண்டும். இதைத்தான் 'மூன்று கோட்டு உத்தரவு' என்று செய்திகளில் எழுதுகிறார்கள்.

மீறினால் கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கலாம். 2019 செப்டம்பர் 3-ஆம் தேதி பிரெக்சிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகல்) வாக்கெடுப்பில் எதிர்த்து வாக்களித்த 21 கன்சர்வேட்டிவ் எம்.பி.க்கள் அப்படி நீக்கப்பட்டார்கள். 2024 ஜூலையில், இரண்டு குழந்தைகளுக்கு மேல் உதவித்தொகை கிடையாது என்ற விதியை எதிர்த்து வாக்களித்த 7 தொழிற்கட்சி எம்.பி.க்களுக்கும் அதே நிலை. ஆனால் அவர்களில் ஒருவர்கூட எம்.பி. பதவியை இழக்கவில்லை. இந்தியாவில் 1985 முதல் இருக்கும் கட்சித் தாவல் தடைச் சட்டம் போன்ற ஒன்று பிரிட்டனில் இல்லை. கட்சியே மாறினாலும் தொகுதி அவர் கையிலேயே இருக்கும். 2014-ல் டக்ளஸ் கார்ஸ்வெல் கட்சி மாறியபோது பதவி விலகி, கிளாக்டன் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். அது அவராகச் செய்தது, சட்டம் கேட்டதல்ல.

வாக்கெடுப்பு எப்படி நடக்கிறது? பொத்தான் அழுத்துகிறார்களா?

பொத்தான் கிடையாது. எம்.பி.க்கள் நடந்து போய்த்தான் வாக்களிக்க வேண்டும். முதலில் சபாநாயகர் ஆதரவுக் குரலையும் எதிர்ப்புக் குரலையும் கேட்பார். தெளிவில்லை என்றால் வாக்கெடுப்பு அறிவிப்பார். கட்டடம் முழுக்க மணி ஒலிக்கும். அக்கம்பக்கத்து உணவகங்கள் சிலவற்றிலும் அந்த மணி இருக்கிறது. 8 நிமிடம் அவகாசம். அதற்குப் பிறகு கதவைப் பூட்டிவிடுவார்கள், ஓடி வந்தவர் வாசலில் நின்றாலும் வாக்கில்லை.

ஆதரிப்பவர்கள் சபாநாயகரின் வலப்பக்கக் கூடத்துக்கும், எதிர்ப்பவர்கள் இடப்பக்கக் கூடத்துக்கும் போவார்கள். ஒவ்வொரு தரப்புக்கும் இரண்டு எண்ணுநர்கள். 2020 முதல் பெயரைப் பதிவுசெய்ய அட்டை வருடும் கருவி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் கூடத்தைக் கடந்து வருவது மாறவில்லை. 'வாக்களிக்கவில்லை' என்று பதிவுசெய்ய வழியில்லாததால், சிலர் இரண்டு கூடத்திலும் நடந்து தங்கள் நடுநிலையைக் காட்டுவதுண்டு. அமைச்சரையும் அந்தக் கூடத்தில் தனியாகப் பிடித்துப் பேசலாம் என்பதுதான் பல எம்.பி.க்கள் இந்த முறையை விட மறுப்பதற்குச் சொல்லும் காரணம்.

ஒரு வாக்கு எவ்வளவு பெரியது என்பதற்கு 1979 மார்ச் 28 சாட்சி. ஜேம்ஸ் காலகனின் தொழிற்கட்சி அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் 311-க்கு 310 என்று தோற்றது. கடுமையாக நோயுற்றிருந்த ஆல்பிரட் பிராட்டன் என்ற எம்.பி.யை ஆம்புலன்சில் கொண்டுவரலாமா என்று யோசித்து, உயிருக்கு ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். அடுத்து வந்த தேர்தலில் மார்கரெட் தாட்சர் பிரதமரானார்.

வாக்குகள் சமமாகிவிட்டால்?

சபாநாயகர் தீர்மானிப்பார், ஆனால் தன் விருப்பப்படி அல்ல. 1860-களில் சபாநாயகர் டெனிசன் வகுத்த நெறி: பெரும்பான்மை இல்லாத இடத்தில் சபாநாயகர் பெரும்பான்மையை உருவாக்கக் கூடாது. விவாதம் தொடர இடமிருந்தால் தொடர வாக்களிப்பார். இறுதி முடிவு என்றால் இருக்கும் நிலை மாறாதபடி வாக்களிப்பார். 2019 ஏப்ரல் 3 அன்று 310-310 என்று வந்தபோது ஜான் பெர்கோ இதன்படியே எதிர்ப்பு வாக்கு போட்டார்.

ஒரு மசோதா சட்டமாவதற்கு என்னென்ன படிகள்?

முதல் வாசிப்பில் தலைப்பை மட்டும் படிப்பார்கள், விவாதம் இல்லை. 'நாடாளுமன்றம் நிறைவேற்றியது' என்று இந்தக் கட்டத்திலேயே செய்தி போட்டுவிடுபவர்கள் உண்டு, அது பெரிய பிழை. இரண்டாம் வாசிப்பில் கொள்கை பற்றி விவாதம், வாக்கெடுப்பு. அரசு மசோதா இந்தக் கட்டத்தில் தோற்பது மிக அரிது. பிறகு குழு நிலை. ஒரு சிறிய எம்.பி. குழு வரி வரியாகப் படித்துத் திருத்தும். உண்மையான வேலை நடப்பது இங்கேதான். அடுத்து அறிக்கை நிலை, இதில் எல்லா எம்.பி.க்களும் திருத்தம் கொடுக்கலாம். கடைசியாக மூன்றாம் வாசிப்பு.

அதன்பின் மேலவையான பிரபுக்கள் சபையிலும் இதே படிகள். அவர்கள் திருத்தினால் மசோதா காமன்ஸுக்குத் திரும்பும்; காமன்ஸ் ஏற்காவிட்டால் மறுபடி பிரபுக்களுக்குப் போகும். இந்தப் போக்குவரத்துக்கு 'பிங்-பாங்' என்று பெயர். இரு சபைகளும் ஒரே வாசகத்துக்கு வந்ததும் அரச இசைவு. இசைவு கிடைத்த நாளிலேயே சட்டம் அமலுக்கு வரும் என்று நினைக்காதீர்கள். சட்டத்தின் கடைசிப் பிரிவுகளில் தொடக்க நாள் பற்றிய பிரிவைத் தேடிப் பாருங்கள். பல பிரிவுகள் அமைச்சர் ஆணை போடும்வரை காத்திருக்கும். சில ஒருபோதும் அமலுக்கு வருவதே இல்லை.

பச்சை அறிக்கை, வெள்ளை அறிக்கை?

அரசு யோசனைகளை முன்வைத்துக் கருத்துக் கேட்பது பச்சை அறிக்கை. ஏறக்குறைய முடிவுசெய்துவிட்டு, மசோதாவாகக் கொண்டுவரப்போவதை விளக்குவது வெள்ளை அறிக்கை. உங்கள் சங்கமோ அமைப்போ கருத்து அனுப்ப விரும்பினால் பச்சை அறிக்கை வந்தவுடன் அனுப்புங்கள். வெள்ளை அறிக்கை வந்தபின் மாற்றம் பெறுவது கடினம்.

பிரபுக்கள் சபையை யாரும் தேர்ந்தெடுப்பதில்லையே, அது சட்டத்தைத் தடுக்க முடியுமா?

தாமதப்படுத்தலாம், நிரந்தரமாகத் தடுக்க முடியாது. 1909-ல் லாய்டு ஜார்ஜின் வரவு செலவுத் திட்டத்தைப் பிரபுக்கள் நிராகரித்தார்கள். 1910-ல் இரண்டு பொதுத் தேர்தல்கள் நடந்தன. அதன் விளைவுதான் நாடாளுமன்றச் சட்டம், 1911. இதன்படி பண மசோதாவை ஒரு மாதத்துக்கு மேல் பிடித்துவைக்க முடியாது. மற்ற மசோதாக்களுக்கு இரண்டு ஆண்டு இருந்த தாமதத்தை 1949 சட்டம் ஓராண்டாகக் குறைத்தது. பிரபுக்கள் சம்மதம் இல்லாமலே நிறைவேறிய சட்டங்களில் நாய்களைக் கொண்டு வேட்டையாடுவதைத் தடுத்த 2004 சட்டம் புகழ்பெற்றது.

தேர்தல் அறிக்கையில் சொல்லி ஜெயித்த திட்டத்தைப் பிரபுக்கள் இரண்டாம் வாசிப்பில் வீழ்த்தக் கூடாது என்ற மரபும் 1945 முதல் இருக்கிறது. ஆனால் இதை அவர்களால் முழுமையாகத் தடுக்க முடியும்: நாடாளுமன்றத்தின் ஐந்தாண்டு ஆயுளை நீட்டிக்கும் மசோதா. ஆளுங்கட்சி தேர்தலையே தள்ளிப்போட நினைத்தால் காவல் இது.

உறுப்பினர்களில் பெரும்பாலோர் 1958 சட்டப்படி நியமிக்கப்பட்ட வாழ்நாள் பிரபுக்கள். இங்கிலாந்துத் திருச்சபை ஆயர்கள் 26 பேர். பரம்பரைப் பிரபுக்களை 1999 சட்டம் 92 பேராகக் குறைத்தது. அவர்களையும் நீக்கும் மசோதா 2024 செப்டம்பரில் கொண்டுவரப்பட்டது.

விடுமுறை, ஒத்திவைப்பு, கலைப்பு: மூன்றும் ஒன்றா?

விடுமுறையில் சபை மட்டும் கூடாது, குழுக்கள் வேலை செய்யலாம், அமர்வு தொடரும். ஒத்திவைப்பு ஓர் அமர்வையே முடித்துவைப்பது. முடியாத மசோதாக்கள், தனியாக அனுமதி பெற்று அடுத்த அமர்வுக்குக் கொண்டுபோகப்பட்டாலொழிய, செத்துவிடும். கலைப்பு என்றால் எம்.பி. பதவியே போய்விடும். ஆனால் அமைச்சர்கள் அமைச்சர்களாகவே தொடர்வார்கள்.

2019-ல் போரிஸ் ஜான்சன் ஐந்து வாரம் ஒத்திவைக்க ராணிக்கு ஆலோசனை சொன்னார். பிரெக்சிட் கெடு நெருங்கும் நேரத்தில் நாடாளுமன்றத்தின் வாயைக் கட்டும் வேலை என்று வழக்கு போனது. செப்டம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக, அந்த ஒத்திவைப்பு சட்டப்படி நடக்கவே இல்லை என்று தீர்ப்பளித்தார்கள். மறுநாள் சபை கூடியது. நாடாளுமன்றச் சட்டத்தை ரத்து செய்ய முடியாத அதே நீதிமன்றம், அமைச்சரின் செயலை ரத்து செய்யும் என்பதற்கு இது தெளிவான சான்று.

தேர்தல் முறை எப்படி? 34 சதவீத வாக்கில் இவ்வளவு பெரிய வெற்றி எப்படி?

650 தொகுதிகள். ஒவ்வொன்றிலும் அதிக வாக்கு பெற்றவர் எம்.பி.; பாதி வாக்கு தேவையில்லை. இந்தியாவில் நாம் பழகிய முறையேதான். 2024 ஜூலை 4 தேர்தலில் தொழிற்கட்சி 33.7 சதவீத வாக்கில் 411 இடங்கள் பெற்றது. ரிஃபார்ம் யூகே 14.3 சதவீதம் வாங்கியும் 5 இடங்களே கிடைத்தன. அதைவிடக் குறைவாக 12.2 சதவீதம் பெற்ற லிபரல் டெமாக்ரட்டுகளுக்கு 72 இடங்கள். காரணம் வாக்கு விழுந்த இடம். ரிஃபார்ம் வாக்கு நாடெங்கும் பரவிக்கிடந்தது, லிபரல் டெமாக்ரட் வாக்கு குறிப்பிட்ட தொகுதிகளில் குவிந்தது. லண்டனின் ஹென்டன் தொகுதியை வெறும் 15 வாக்குகள் தீர்மானித்தன.

வேட்பாளராக நிற்க அந்தத் தொகுதியின் 10 வாக்காளர் கையெழுத்தும் 500 பவுண்டு டெபாசிட்டும் வேண்டும். 5 சதவீத வாக்கைத் தாண்டாவிட்டால் டெபாசிட் போய்விடும்.

பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமல் நான் வாக்களிக்க முடியுமா?

இந்திய, இலங்கை, மலேசிய, சிங்கப்பூர் குடிமக்கள் முடியும். பலருக்குத் தெரியாத உரிமை இது. காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் யூகேவில் வசித்து, தங்குவதற்குச் செல்லுபடியாகும் அனுமதி வைத்திருந்தால், மாணவர் விசாவாக இருந்தாலும்கூட, பொதுத் தேர்தலில் வாக்களிக்கலாம். நிரந்தரமாகத் தங்கும் உரிமை இருந்தால் வேட்பாளராகவும் நிற்கலாம். பக்கத்து வீட்டு பிரெஞ்சுக்காரருக்கோ ஜெர்மானியருக்கோ பொதுத் தேர்தலில் இந்த உரிமை இல்லை.

தவறு நடப்பது இரண்டு இடங்களில். முதலாவது பதிவு: 2024 தேர்தலில் வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்பே பெயர் பதிவு முடிந்துவிட்டது. கவுன்சில் வரி கட்டுவதால் பெயர் தானாக ஏறாது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இரண்டாவது அடையாள அட்டை: 2023 மே மாதம் இங்கிலாந்து உள்ளாட்சித் தேர்தலிலிருந்து படம் உள்ள அட்டை கேட்கிறார்கள். காமன்வெல்த் பாஸ்போர்ட் ஏற்கப்படும். காலாவதியானதும், முகம் அடையாளம் தெரிந்தால், செல்லும். ஆனால் பல்கலைக்கழக மாணவர் அட்டை செல்லாது. போனில் இருக்கும் படமும் செல்லாது. எந்த அட்டையும் இல்லாதவர்கள் வாக்காளர் சான்றிதழை இலவசமாகப் பெறலாம். வாக்குச்சாவடி காலை 7 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கும்.

2024-ல் ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதியில் ஈழத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த உமா குமரன் தொழிற்கட்சி எம்.பி. ஆனார்.

எம்.பி. ராஜினாமா செய்ய முடியாது என்பது உண்மையா?

உண்மை. 1624-ல் காமன்ஸ் சபை எடுத்த முடிவு இன்றும் நிற்கிறது. அதனால் விலக நினைப்பவர், மன்னரின் கீழ் ஊதியப் பதவி வகிப்பவர் எம்.பி.யாக இருக்கக் கூடாது என்ற விதியைப் பயன்படுத்துகிறார். நிதியமைச்சருக்கு எழுதி, சில்டர்ன் ஹன்ட்ரட்ஸ் அல்லது நார்த்ஸ்டெட் பண்ணையின் கண்காணிப்பாளர் பதவியைக் கேட்பார். பெயரளவில் ஊதியப் பதவி என்றாலும், வேலையோ சம்பளமோ அதில் கிடையாது. கிடைத்த நொடியில் எம்.பி. பதவி போகும், இடைத்தேர்தல் வரும். 2023 ஜூனில் போரிஸ் ஜான்சன் விலகியதும் சில்டர்ன் ஹன்ட்ரட்ஸ் வழியாகத்தான்.

தொகுதி மக்களும் வெளியேற்றலாம், ஆனால் நினைத்தபோது அல்ல. 2015 சட்டப்படி, எம்.பி.க்குச் சிறைத்தண்டனை கிடைத்தாலோ, சபை அவரைக் குறைந்தது 10 அமர்வு நாட்கள் இடைநீக்கம் செய்தாலோ, படிகள் பெறுவதில் பொய்க் கணக்குக் கொடுத்துக் குற்றவாளி என்று தீர்ப்பானாலோ மட்டுமே அவரை நீக்கக் கோரும் மனு திறக்கப்படும். ஆறு வாரத்துக்குள் 10 சதவீத வாக்காளர்கள் கையெழுத்திட்டால் பதவி போகும். 2019-ல் பீட்டர்பரோவில் இது முதல்முறை வென்றது.

கறுப்புக் கோல் அதிகாரியின் முகத்தில் கதவைச் சாத்துவது ஏன்?

1642 ஜனவரி 4 அன்று முதலாம் சார்லஸ் ஆயுதமேந்திய ஆட்களோடு காமன்ஸ் சபைக்குள் நுழைந்து, ஐந்து எம்.பி.க்களைக் கைதுசெய்ய முயன்றார். அவர்கள் முன்பே தப்பிவிட்டார்கள். எங்கே என்று மன்னர் கேட்க, சபை சொன்னால் ஒழியத் தனக்குப் பார்க்கக் கண்ணும் பேச நாவும் இல்லை என்று சபாநாயகர் லென்தால் மண்டியிட்டுச் சொன்னார். அதற்குப் பிறகு எந்த மன்னரும் காமன்ஸ் சபைக்குள் கால் வைக்கவில்லை. அமர்வைத் தொடங்கிவைக்கும் நாளில் மன்னரின் தூதராக வரும் கறுப்புக் கோல் அதிகாரி மீது கதவு சாத்தப்படுவது அந்த உரிமையைக் காட்டத்தான். அவர் மூன்று முறை தட்டிய பிறகே திறப்பார்கள். பிரபுக்கள் சபையில் மன்னர் வாசிக்கும் உரை முழுக்க முழுக்க அரசு எழுதிக் கொடுப்பது.

மேக்னா கார்ட்டா, உரிமைகள் சாசனம்: எது முக்கியம்?

1215 ஜூன் 15 அன்று ரன்னிமீடில் ஜான் மன்னர் முத்திரையிட்ட மேக்னா கார்ட்டா என்ற உரிமைப் பட்டயம் சில வாரங்களிலேயே போப்பாண்டவரால் ரத்து செய்யப்பட்டது. பிறகு பலமுறை திருத்தி வெளியிடப்பட்டு, 1297 வடிவம் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றது. அதில் மிகச் சில பிரிவுகளே இன்று உயிரோடு இருக்கின்றன. சட்டப்படியான தீர்ப்பின்றி எந்தச் சுதந்திர மனிதனையும் சிறையிடக் கூடாது என்பது அவற்றில் ஒன்று.

இன்றைய அரசமைப்புக்கு அதைவிட நெருக்கமானது 1689 உரிமைகள் சாசனம். நாடாளுமன்றச் சம்மதம் இல்லாமல் மன்னர் வரி போட முடியாது, சட்டத்தை நிறுத்திவைக்க முடியாது, சமாதான காலத்தில் நிலையான படை வைக்க முடியாது. சபைக்குள் பேசிய பேச்சுக்காக எம்.பி. மீது நீதிமன்றத்தில் வழக்கு வராததும் இதன் 9-ஆம் பிரிவால்தான்.

அழுகிய தொகுதிகள் என்றால்?

ஊரே அழிந்த பிறகும் எம்.பி.க்களை அனுப்பிக்கொண்டிருந்த தொகுதிகள். சாலிஸ்பரி அருகே ஓல்டு சாரம் வெறும் மண்மேடு, வாக்காளர்கள் 11 பேர், அனுப்பிய எம்.பி.க்கள் இரண்டு. அதே காலத்தில் பெரிய தொழில் நகரமான மான்செஸ்டருக்கு ஒரு எம்.பி.கூட இல்லை.

இதில் நம் மண்ணின் பங்கு நேரடியானது. ஓல்டு சாரத்தை விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட், இந்திய வணிகத்தில் சம்பாதித்தவர். 1698 முதல் 1709 வரை சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். அவர் பேரன் மூத்த வில்லியம் பிட் 1735-ல் காமன்ஸுக்குள் நுழைந்தது அந்தக் குடும்பச் சொத்தான தொகுதி வழியாக. பின்னால் அவர் பிரதமரும் ஆனார்.

ஆற்காடு நவாப் முகமது அலிக்கு வட்டிக்குக் கடன் கொடுத்த கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர்களும் இப்படித்தான் இடங்களை வாங்கினார்கள். 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் காமன்ஸில் பேசியபோது, பால் பென்ஃபீல்டு என்பவர் தன்னையும் சேர்த்து எட்டு எம்.பி.க்களை உருவாக்கியிருந்தார் என்று குற்றம் சாட்டினார். கடனுக்கு ஈடாக நவாப் எழுதிக் கொடுத்தது கர்நாடிக் எனப்பட்ட ஆற்காட்டுப் பகுதி உழவர்களின் நிலவரி வருவாயை. அந்த நெல்வயல்களின் பணம் லண்டனில் வாக்காக மாறியது. 1832 சீர்திருத்தச் சட்டம் இத்தகைய 56 சிறு தொகுதிகளை ஒழித்தது.

எல்லோருக்கும் வாக்குரிமை எப்போது வந்தது?

1832-ல் நடுத்தர வர்க்கத்துக்கு, 1867-ல் நகரத் தொழிலாளர்களில் பலருக்கு, 1884-ல் கிராமப்புறத்துக்கு. ரகசிய வாக்குச்சீட்டு 1872-ல். 1918-ல் 21 வயதான ஆண்களுக்கும், சொத்துத் தகுதியோடு 30 வயதான பெண்களுக்கும். 1928-ல் பெண்களுக்கும் 21. 1969-ல் 18 வயதாகக் குறைத்தார்கள். தேர்வில் 1918-ஐயும் 1928-ஐயும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். பிரிட்டனில் பெண்கள் சமமான வாக்குரிமை பெற்ற மூன்றே ஆண்டுகளில், டொனமூர் அரசியல் திட்டப்படி 1931-ல் இலங்கையில் 21 வயதான ஆண்களும் பெண்களும் வாக்களித்தார்கள்.

ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் இருந்தும் அது தனி நாடு இல்லையா?

அது அதிகாரப் பகிர்வு. 1997 வாக்கெடுப்புகளுக்குப் பின் 1998 சட்டங்கள் மூலம் ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் சபைகள் வந்தன. புனித வெள்ளி ஒப்பந்தம் என்ற அமைதி உடன்பாட்டின்படி வட அயர்லாந்துக்கும் வந்தது. ஸ்காட்லாந்தில் 129 உறுப்பினர்கள், வட அயர்லாந்தில் 90. வேல்ஸின் சபையான செனத் 60-லிருந்து 2026 தேர்தல் முதல் 96. சுகாதாரம், கல்வி அவர்கள் கையில். பாதுகாப்பு, குடிவரவு, வெளியுறவு லண்டனிடம். வட அயர்லாந்தில் முதல் அமைச்சருக்கும் துணை முதல் அமைச்சருக்கும் சம அதிகாரம், ஒருவர் விலகினால் இருவருக்கும் பதவி போகும். 2022 முதல் 2024 பிப்ரவரி வரை அங்கே அரசு முடங்கிக் கிடந்தது இதனால்தான்.

'லைஃப் இன் த யூகே' தேர்வில் என்ன கவனிக்க வேண்டும்?

24 கேள்விகள், 45 நிமிடம், 18 சரியாக வேண்டும். கட்டணம் 50 பவுண்டு. பதிவு செய்யும் பெயர் அடையாள ஆவணத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். தந்தை பெயர், முதலெழுத்து, ஒற்றைப் பெயர் என்று நம் பெயர்கள் பலவிதமாக இருப்பதால் இங்கே சிக்கல் வரும்; பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படிவத்தை நிரப்புங்கள்.

என் எம்.பி.யிடம் எதைக் கேட்கலாம்?

விசா விண்ணப்பம் மாதக்கணக்கில் கிடப்பில் கிடந்தால், உதவித்தொகைத் துறை பதில் சொல்லாவிட்டால், எம்.பி. எழுதிக் கேட்கலாம். நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட முடியாது. குப்பை, கவுன்சில் வரி, கவுன்சில் வீடு எல்லாம் கவுன்சிலர் வேலை. கடிதத்தில் முழு முகவரியும் அஞ்சல் குறியீடும் கட்டாயம். தன் தொகுதிக்காரர்களின் பிரச்சினையை மட்டுமே எம்.பி. கையாள்வது மரபு. விண்ணப்ப எண், அனுப்பிய தேதி, கிடைத்த பதில்களின் நகல், உங்கள் சார்பில் பேச அனுமதி தரும் ஒரு வரி இவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். நேரில் பார்க்க விரும்பினால் தொகுதியில் அவர் நடத்தும் சந்திப்பு நேரத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். சபை பல வெள்ளிக்கிழமைகளில் கூடாததால் அன்றுதான் பெரும்பாலும் வைப்பார்கள்.